‘ம்’ கொட்ட ஒரு ஆள்

தெங்கேராவில் இருக்கும் அந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் கடைசி மேசையில் திலகா நாலு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் ‘தே ஓ’ என்கிற பாலில்லாத தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. அதைக் குடிக்கவும் முடியாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் அவள் வாயில் போகக்கூடாது. சும்மா உட்கார்ந்தால் கடைக்காரர் முகம் சுளிப்பாரே என்றுதான் வாங்கி வைத்திருந்தாள்.

காலை ஆறரைக்கு அவள் புருஷன் வடிவேலு நிலையத்தின் வாசலில் காரை நிறுத்தி அவளை இறக்கிவிட்டிருந்தான். மஸ்ஜித் தானாவில் வீடு, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அவனுக்கு வேலை. ஆலையைத் தாண்டி வந்து பெண்டாட்டியை இறக்கிவிட்டு, வந்த வழியே மறுபடி ஓடவேண்டும். அதனால் அவள் உள்ளே போகும்வரை நிற்க அவனுக்கு நேரமில்லை. கார் முச்சந்தியில் திரும்பியதும் திலகா கையாட்டுவதை நிறுத்தினாள். நேரே ரோட்டைத் தாண்டிக் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். நிலையத்திலிருந்து போன் வந்தது. “காய்ச்சல் மிஸ்ஸி” என்று தாதியிடம் ஒரு பொய். மத்தியானம் கிராப் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய், “முடிஞ்சிருச்சுங்க” என்று புருஷனிடம் ஒரு பொய்.

அந்த மாதத்தில் அவள் இப்படிச் செய்தது அது இரண்டாவது தடவை.

பைத்தியக்காரியா இவள் என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். இனிப்பு நீர் வியாதி வந்து எட்டே வருஷத்தில் இரண்டு கிட்னியும் போயின. நாற்பத்திரண்டு வயது. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஆணி மாதிரி இரண்டு ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டு நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கவேண்டும். தன் ரத்தம் தன்னைவிட்டுக் குழாய் வழியே வெளியே போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். போவது தெரிகிறது, திரும்பி வருவதற்கு என்ன உத்தரவாதம் என்று அவள் மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் வர ஆரம்பித்த இரண்டாவது வாரம் எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் பந்து விளையாட்டைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவிலேயே கண் மேலே செருகியது. திரை இழுத்தார்கள். அடுத்த தடவை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்துதான் திலகாவுக்கு அந்தக் கதவைக் கண்டாலே கால் நகர்வதில்லை.

புருஷனிடம் சொல்லலாமே என்றால், வடிவேலு தங்கமான மனுஷன். ஆனால் அவனிடம் இருப்பது ஒரே மருந்து. டயர் வெடித்தாலும், வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும், டாக்டர் “கிட்னி வேலை செய்யல” என்று சொன்னாலும், “ஒன்னும் ஆகாது லா” என்பான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச இடமே இருக்காது. வாயைத் திறந்தவள் மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் உள்ளே போனாள். போகவேண்டியதாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எடை பார்க்கும் மெஷினில் ஏறியதும் தாதி நிர்மலாதேவி கணக்கிட்டுப் பார்த்து, அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“அஞ்சு கிலோ தண்ணி அக்கா. காய்ச்சல்ல யாருக்கும் அஞ்சு கிலோ ஏறாது.”

திலகா தரையைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவ வராம இருந்தீங்கன்னா தண்ணி நெஞ்சுல ஏறிரும். அப்புறம் என்கிட்ட ஓடி வந்து பிரயோசனம் இல்ல. பயமுறுத்துறதுக்குச் சொல்லல, உள்ளதச் சொல்றேன்.”

உள்ளதைச் சொல்வதைவிடப் பெரிய பயமுறுத்தல் உண்டா? திலகா போய் நாற்காலியில் சாய்ந்தாள். போனாலும் சாவு, போகாவிட்டாலும் சாவு என்று ஆகிவிட்ட பிறகு ஒருத்தி எங்கேதான் ஓடுவாள்?

பக்கத்து நாற்காலிக்கு அன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மூக்குக் கண்ணாடி, ஐம்பது வயது இருக்கும். பெயர் பாலேந்திரன், நில அளவை அலுவலகத்தில் வேலை என்று தாதி சொன்னாள். ஊசி ஏறும்போது அவர் நாற்காலியின் கையைப் பிடித்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போனது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் திலகாவின் பக்கம் தலையைத் திருப்பினார்.

“தங்கச்சி, ஏதாவது கதையுங்கோ.”

திலகா திகைத்தாள். பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, சிலோன்காரர். அவள் தகப்பனார் வேலை பார்த்த தோட்டத்தில் கணக்குப் பார்த்த கிராணியாரும் சிலோன்காரர்தான். கிராணியார் ஒன்று சொன்னால் “என்னங்க?” என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டுச் சொன்னதைச் செய்வார்கள். அந்த வழக்கம் இன்னும் அவள் உடம்பைவிட்டுப் போகவில்லை.

“என்ன கதைங்க சார்?”

“என்னெண்டாலும் பரவாயில்லை. சும்மா கதைச்சுக்கொண்டு இருங்கோ. எனக்குத் தலையைச் சுத்துற மாதிரி இருக்கு.”

இவ்வளவு பெரிய மனுஷர் குழந்தை மாதிரிக் கதை கேட்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். ஆனால் அவர் முகத்தில் இருந்த பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம். மறுக்க மனம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஒரு ஊருல ஒரு பொம்பள இருந்தா.”

பாலேந்திரன் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சாய்ந்து படுத்துக்கொண்டார்.

“அவவுக்குப் பேர் என்ன?”

“வாணி.” சட்டென்று வாயில் வந்த பெயர். “சார், கதை சொன்னா ‘ம்’ கொட்டணும். இல்லாட்டி சொல்றவங்களுக்குக் கதை ஓடாது.”

“ம்,” என்றார் பாலேந்திரன்.

வாணி ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். ம். ஒரு நாள் காலையில் எழுந்து செருப்பை மாட்டப் போனால் கால் நுழையவில்லை. ம். செருப்புத்தான் வெயிலில் சுருங்கிவிட்டது என்று நினைத்து, பசாருக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கினாள். ம். மறுவாரம் அதுவும் நுழையவில்லை. கடைக்காரனிடம் போய் ஒரு மணி நேரம் சண்டை பிடித்தாள். பாலேந்திரன் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு, “எனக்குச் சப்பாத்து,” என்றார். “ரெண்டு சோடி மாத்தினனான்.” திலகாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. தாதி வந்து ஊசியைப் பிடுங்கியபோதுதான் நாலு மணி நேரம் போனதே தெரிந்தது.

அதற்குப்பிறகு கதை வாரம் மூன்று நாள் ஓடியது. திலகா செய்யத் துணியாததையெல்லாம் வாணி செய்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாணி அழுதாள். நல்ல கிட்னியோடு நடமாடுகிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து வயிறெரிந்தாள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ நீட்டிய இளநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

“ஐயோ, இளநீரோ!” என்று பாலேந்திரன் பதறினார். மெஷினில் கிடப்பவர்களுக்குத்தான் அந்தப் பதற்றம் புரியும். ஒரு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் போதும், இதயம் நின்றுவிட.

“ஆமாண்ணே. குடிச்சிட்டு, ராத்திரி பூராவும் நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. பக்கத்துல புருசன் நல்லாத் தூங்குறான். எழுப்பல.”

“ஏன் எழுப்பேல்லை?”

“எழுப்பினா ஒன்னும் ஆகாதுன்னு சொல்லுவான்.”

“ம்,” என்றார் அவர். அந்த ‘ம்’ கொஞ்சம் நீளமாக வந்தது.

கதை சொல்லும்போது பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அது எங்கே போகும்? ஆனால் வாணியின் பயமாக வெளியே வந்தால் அதை எதிரே வைத்துப் பார்க்க முடிந்தது. நெஞ்சுக்குள் இருந்தபோது அதற்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் திலகா ஒரு நாள்கூட எதிர்க் கடைக்குப் போகவில்லை.

அதற்குப்பிறகு ஒரு சனிக்கிழமைதான் எதிர்க் கடையின் கதையைச் சொன்னாள். நாலு நாளாகவே சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“வாணி ரெண்டு தடவ ஓடிப்போயிட்டாண்ணே.”

“ம்.”

“உள்ள போறேன்னு புருசன்கிட்ட கையாட்டிட்டு, எதுத்த கடையில போயி ஒளிஞ்சிக்கிட்டா.”

“ம்.”

“செத்துப் போயிருவோமோன்னு பயம். செத்தாலும் பரவாயில்ல, எல்லாரும் பாக்க, இந்த நாக்காலியில, வாயத் தொறந்துக்கிட்டுச் சாகக்கூடாதுன்னு பயம். இதப் போயி யார்கிட்ட சொல்றது?”

‘ம்’ வரவில்லை.

யோசிக்கிறார் என்று நினைத்தாள். “கேக்குறீங்களாண்ணே?” அதற்கும் ‘ம்’ இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பாலேந்திரனின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது, உதடு சாம்பல் நிறம். அவருடைய மெஷின் எந்தச் சத்தமும் போடாமல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“மிஸ்ஸி! மிஸ்ஸி, இவரு ‘ம்’ கொட்டல!”

அவள் போட்ட கூச்சலில் அறையே எழுந்தது. நிர்மலாதேவி ஓடிவந்தாள், இன்னும் இருவர் ஓடிவந்தார்கள். நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கினார்கள், மருந்துத் தண்ணீரை ஏற்றினார்கள், முகத்தில் மூச்சுக் குழாயை வைத்தார்கள். பிறகு அந்தத் திரையை இழுத்தார்கள். திலகாவுக்கு எழுந்து ஓடவும் வழியில்லை. அவள் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் கிடந்து, “பேசுங்கண்ணே, பேசுங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அவருடைய செருப்பு நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து வடிவேலுவிடம், “பக்கத்து நாக்காலி சாருக்கு ரொம்ப முடியாமப் போச்சுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

“ஒன்னும் ஆகாது லா,” என்றான் அவன்.

செவ்வாய்க்கிழமை காலை கார் நிலையத்தின் வாசலில் நின்றது. திலகா இறங்கினாள், கையாட்டினாள், முச்சந்தியில் கார் திரும்பியதும் ரோட்டைத் தாண்டினாள். கடைசி மேசை. தே ஓ. இந்தத் தடவை போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். நிலையத்திலிருந்து போன் வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போனுக்குப் பதிலாக ஒரு அம்மாள் வந்தாள். பருத்திச் சட்டை, தூக்கம் கெட்ட கண், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இருந்த செருப்பைத் திலகாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

“நீங்கள்தானே திலகா? நான் உஷாந்தி, பாலேந்திரன்ர மனுசி. நீங்கள் இங்கதான் இருப்பீங்கள் எண்டு மிஸ்ஸி சொன்னவ.”

அப்படியானால் நிர்மலாதேவிக்கு முதலிலிருந்தே தெரியும். வெட்கப்படக்கூடத் திலகாவுக்குத் தெம்பில்லை.

“அவரு... அவரு?”

“இப்ப கதைக்கிறார்.” உஷாந்தி எதிரே உட்கார்ந்தாள். “ரெண்டு நாள் கதைக்கவே இல்லை. நேற்றுப் பின்னேரம்தான் கண்ணைத் திறந்து கதைச்சவர்.”

“ஐசியூலயா? யாருக்குங்க கதை சொல்றாரு?”

உஷாந்தி புரியாமல் பார்த்தாள். புரிந்ததும், அந்தக் களைத்த முகத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஐயோ பிள்ளை, எங்கட ஆக்கள் பேசுறதைத்தான் கதைக்கிறது எண்டு சொல்றது. அண்டைக்கு அவர் உங்களை ஏதாவது பேசச் சொன்னவர். மயக்கம் வராம இருக்க. அவ்வளவுதான்.”

திலகாவுக்குக் காது சூடேறியது. ஐந்து மாதம்! பேசு என்றவருக்கு உட்கார்ந்து ‘ஒரு ஊருல ஒரு பொம்பள’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுபோதாதென்று ‘ம்’ வேறு கொட்டச் சொல்லியிருக்கிறாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“அவருக்கு அண்டைக்கே விளங்கிட்டுது. வீட்ட வந்து சொல்லிச் சிரிச்சவர். நிப்பாட்ட மனம் வரேல்லையாம். தன்ர வருத்தத்தை வேற யாரும் இப்பிடிச் சொல்லிக் கேக்கேல்லை எண்டவர். வாணி என்ன செய்தவ எண்டு எனக்கும் ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுவார்.” உஷாந்தி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “நேற்றுக் கண்ணைத் திறந்து முதல் கேட்டது என்ன தெரியுமோ? ‘வாணி உள்ள போனாவோ?’ எண்டுதான். எனக்குப் பதில் தெரியேல்லை. அதுதான் வந்தனான்.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அதைப் பார்த்தபடியே திலகா போனை எடுத்தாள்.

“ஏங்க, திரும்பி வாங்க. நான் உள்ள போகல.”

வடிவேலு ஆலைச் சீருடையோடு, காரைக் கோணலாக நிறுத்திவிட்டு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. “என்ன திலா, என்ன ஆச்சு? ஒன்னும்...”

“அதச் சொல்லாதீங்க. உக்காருங்க. நான் ஒரு கதை சொல்றேன். நீங்க ‘ம்’ மட்டும் கொட்டுங்க.”

அவன் உஷாந்தியைப் பார்த்தான், திலகாவைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

“ஒரு ஊருல ஒரு பொம்பள இருந்தா. அவ பேரு வாணி...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “வாணி இல்லங்க. நான்தான். ரெண்டு தடவ உள்ள போகாம இங்க உக்காந்திருந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். இன்னைக்கு மூணாவது தடவ.”

வடிவேலுவின் வாய் திறந்தது. அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது அவளுக்கே தெரிந்தது. அவன் அதை விழுங்கினான்.

“ம்,” என்றான்.

அரை மணி நேரம் கழித்து நிர்மலாதேவி எதுவும் கேட்காமல் எடை பார்த்தாள், எதுவும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வடிவேலுவுக்குப் போட்டாள். உஷாந்தி பதிலோடு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. திலகா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. முதல் ஊசி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. குழாய் சிவந்தது.

வடிவேலு இதுவரை இதைப் பார்த்ததே இல்லை. அவன் முகம் வெளுத்துப்போனது.

“எனக்குப் பயமா இருக்குங்க,” என்றாள் திலகா.

“ம்.”

“ஒவ்வொரு தடவயும் இதான் கடைசின்னு தோணுது.”

“ம்.” அவன் குரல் உடைந்தது. அவள் விரல்களை இறுகப் பிடித்திருந்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் பயந்து அவள் பார்த்ததில்லை. பயப்படாத ஆள் என்றே நினைத்திருந்தாள்.

“உங்களுக்கும் பயமா?”

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“எப்பத்துலேருந்து?”

மெஷின் சுற்றியது. மேலே இருந்த கடிகாரம் ஏழு ஐம்பதைக் காட்டியது. இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

“சரி,” என்றாள் திலகா. “இப்ப நீங்க சொல்லுங்க.”

வடிவேலு அந்தச் சிவந்த குழாயைப் பார்த்தான்.

“ஒரு ஊருல,” என்று ஆரம்பித்தான், “ஒரு ஆளு இருந்தான். அவனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்.”

“ம்,” என்றாள் அவள்.